கெர்னலின் கதை – 12: அரை மணி நேரத்தில் 429 கோடி

சென்ற வாரம், புராசஸரின் இரண்டு கோர்கள் ஒரே எண்ணை ஒரே நொடியில் கூட்டப் போய் ஒரு கூட்டல் காணாமல் போனது. அதைத் தடுக்க வந்த அட்டாமிக் எண், நரிக்குடி வழியே போகும் மானாமதுரை–விருதுநகர் ஒற்றைத் தடம் மாதிரி. முன்னே போன ரயில் ஸ்டேஷன் சேர்ந்தால்தான் அடுத்ததற்கு லைன் கிளியர். படித்து, கூட்டி, எழுதி முடிக்கும்வரை இன்னொரு கோர் குறுக்கே வர முடியாது. கணக்கு பிசகாது.

பிசகாத கணக்கே வினையான கதை 2016 ஜனவரியில் வெளிவந்தது.

லினக்ஸ் கெர்னலில் சாவிகளைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு ‘கீரிங்’ என்று பெயர். அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதை ஓர் அட்டாமிக் எண் சொல்லும். பிடிப்பவர் ஒன்று கூட்டுவார், விடுபவர் ஒன்று கழிப்பார். எண் பூஜ்யமானால் கெர்னல் அந்த மெமரியை விடுவித்துவிடும். ஒரு புரோகிராம் தன்னிடம் இருக்கும் கீரிங்கையே மறுபடி கேட்டால் எண் ஒன்று கூடியது. கழிக்க வேண்டிய வரி விட்டுப்போயிருந்தது. 3.8 பதிப்பில் நுழைந்த பிழை இது.

கண்டுபிடித்தவர்கள் பெர்செப்ஷன் பாயிண்ட் என்ற இஸ்ரேல் நிறுவனத்தார். எண்ணோ 32 பிட். 429,49,67,295-ஐத் தாண்டினால் பூஜ்யம்தான். அதே கோரிக்கையை லூப்பில் ஓடவிட்டார்கள். இன்டெல் ஐ7-5500 புராசஸருக்குச் சுமார் அரை மணி நேரம் பிடித்தது. ஒரு கூட்டல்கூடத் தவறவில்லை. எண் பூஜ்யத்தைத் தொட்டது. கீரிங் பயன்பாட்டில் இருக்கும்போதே மெமரி விடுவிக்கப்பட்டது. காலியான இடத்தில் அவர்கள் தங்கள் தரவை நிரப்பினார்கள். கெர்னல் அதைக் கீரிங் என்றே நம்பி, அதிலிருந்த முகவரிக்குத் தாவியது. சாதாரண யூசர், எதையும் செய்ய முடிகிற ‘ரூட்’ ஆகிவிட்டார்!

அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் ஓட்டை அடைபட்டது. ஆனால் இதே வேலையைச் செய்யும் எண்கள் கெர்னல் முழுக்க இறைந்து கிடந்தன. இன்னும் எங்கெல்லாம் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறதோ?

கெர்னல் டெவலப்பர்கள் எலெனா ரெஷெட்டோவா, கீஸ் குக், பீட்டர் ஜைல்ஸ்ட்ரா முதலானோர் களம் இறங்கினார்கள். 2017-ல் 4.11 பதிப்பில் ‘ரெஃப்கவுண்ட்’ என்ற புது வகை வந்தது. உச்சத்தைத் தொட்டால் இது அங்கேயே நின்றுவிடும்; பூஜ்யத்துக்குச் சுற்றி வராது. பூஜ்யமானதை யாராவது மறுபடி கூட்டப் பார்த்தால் எச்சரிக்கும். நின்றுபோன எண்ணுக்குரிய மெமரி கடைசிவரை வீண்தான். ஆனாலும் அது அந்நியர் கைக்குப் போகாது.

ஒவ்வொரு கூட்டலிலும் சோதனை வைத்தால் வேகம் என்னாகும்? பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு எண்ணைத் தொடும் நெட்வொர்க் பகுதிக்காரர்கள் ஒப்பவில்லை. விடை, எண் நிற்கும் இடத்தில் இருந்தது. அந்த இடத்தை உச்சத்திலிருந்து கீழே இறக்கினால் போதும், வேகம் திரும்பிவிடும்.

கீழே என்றால், எங்கே?

(தொடரும்)