உள்ளாட்சி ஒப்பந்தங்களும் சட்ட ஆய்வும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஓர் உள்ளாட்சி அமைப்பு செய்யும் ஒப்பந்தம், நிறைவேற்றும் தீர்மானம், வகுக்கும் துணைவிதி ஆகியவை சட்டத்திற்கு உட்பட்டவைதாமா என்று சரிபார்க்கும் பணியே சட்ட ஆய்வு. பெரிய மாநகராட்சிகளில் இதற்கென வழக்கறிஞர்களும் சட்டப் பிரிவும் உண்டு. சிற்றூர்களில் நிலைமை வேறு. திருவண்ணாமலை மாவட்டத்தின் வெம்பாக்கம் ஊராட்சி ஒன்றியத்தைப் போன்ற ஓர் இடத்தில் ஏரி மீன்பாசி ஏலம், சந்தைக் குத்தகை, சாலைப்பணி, தெருவிளக்குக் கொள்முதல் என்று ஆண்டு முழுவதும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன. ஆனால் ஒரு சிற்றூராட்சிக்கெனத் தனியே சட்ட அலுவலர் இருப்பதில்லை. அப்படியானால் அங்கே ஒப்பந்தத்தைச் சரிபார்ப்பவர் யார்? தமிழகத்தில் இந்தக் கேள்வி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது.

உத்திரமேரூர்: சபை தனக்கே இட்ட கட்டுப்பாடு

வெம்பாக்கத்திற்கு அண்டையிலுள்ள காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. இவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காகவே இவை பெரிதும் பேசப்படுகின்றன. ஊரின் 30 குடும்புகளிலிருந்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறை அது.

நம் பொருளுக்கு அதைவிட முக்கியமானவை தகுதியின்மை விதிகள். முன்பு ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடை உண்டு. பிறர் பொருளைக் கவர்ந்தவர்களுக்கும் இடமில்லை. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பில் இருந்தவர் உடனே திரும்பி வர முடியாது. கணக்கு எழுதுபவரும் தம் காலத்துக் கணக்கைத் தாமே ஒப்படைத்து, நேர்மையானவர் என்று ஏற்கப்பட்ட பிறகே மறுபடி அப்பணிக்கு வரலாம்.

இந்தச் சபையை இன்றைய பொருளில் மக்களாட்சி என்று சொல்லிவிட முடியாது. அது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊர். வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வரையிலான வயது ஆகியவை இருந்தால்தான் ஒருவர் பெயர் குடத்திற்குள் செல்லும். பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் அங்கு இடமில்லை. ஆயினும், பொதுப்பணத்தைக் கையாண்டவர் கணக்குக் கொடுக்காமல் மீண்டும் பொதுப்பணத்தைத் தொடக் கூடாது என்ற கொள்கை அங்கே கல்லில் வெட்டப்பட்டது. அதைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பும் முதன்மையாக அந்த ஊரிடமே இருந்தது.

ஆங்கிலேயர் காலம்: வெளியிலிருந்து வந்த கண்காணிப்பு

சென்னை மாநகராட்சி 1687 ஆம் ஆண்டின் சாசனத்தால் உருவாகி 1688 இல் செயல்படத் தொடங்கியது. மாவட்டங்களுக்கு இவ்வமைப்பு மெதுவாகவே வந்தது. 1871 இல் உள்ளூர் நிதிச் சட்டமும், ரிப்பன் பிரபுவின் 1882 ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து 1884 இல் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் தல வாரியங்கள் சட்டமும் இயற்றப்பட்டன. அப்போது வெம்பாக்கம் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பகுதி. 1920 இல் இவ்விரு சட்டங்களும் புதிதாக இயற்றப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பங்கு கூடியது.

இக்காலத்தில் சரிபார்க்கும் அதிகாரம் ஊரைவிட்டு வெளியே போனது. சட்டத்தை மீறியதாகக் கருதும் தீர்மானத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஆட்சியருக்கும் அரசுக்கும் இருந்தது. அதோடு இங்கிலாந்திலிருந்து இன்னொரு கொள்கையும் வந்தது. உள்ளாட்சியின் ஒப்பந்தம் சட்டம் சொல்லும் வடிவத்தில் இருந்தால்தான் செல்லும் என்பதே அது.

அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, 1883 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த லீமிங்டன் ஸ்பா நகராட்சி வழக்கு. குடிநீர்ப் பணியை ஒப்பந்தக்காரர்கள் செய்து முடித்தார்கள். நகரமும் அதன் பயனைப் பெற்றது. ஆனால் 50 பவுனுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் நகராட்சியின் முத்திரை இருக்க வேண்டும் என்பது சட்டம். முத்திரை இல்லாததால் நகராட்சி பணம் தரக் கடமைப்பட்டதில்லை என்று தீர்ப்பானது. வேலை செய்தவருக்கு இது கொடுமைதான். ஆனால் அந்த விதி வரிசெலுத்துவோரைக் காப்பதற்காக வகுக்கப்பட்டது என்பதே தீர்ப்பின் அடிப்படை. அதிகாரி ஒருவர் வாய்ச்சொல்லால் ஊர்ப்பணத்தைக் கட்டிவைத்துவிடக் கூடாது.

விடுதலைக்குப் பின்: நீதிமன்றத்தின் ஆய்வு

அரசமைப்புச் சட்டம் வந்தபின் மக்களே உள்ளாட்சியை எதிர்த்து நேராக நீதிமன்றம் செல்லும் வழி திறந்தது. தொடக்க கால வழக்குகளில் இரண்டு காய்கறி வணிகத்தைப் பற்றியவை. உத்தரப் பிரதேசத்தின் கைரானா நகராட்சி, மொத்தக் காய்கறி வணிகத்தை ஒருவருக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தது. வேறு எவருக்கும் உரிமம் தர அதன் துணைவிதியில் வழியே இல்லை. 1950 இல் உச்ச நீதிமன்றம் இதைத் தொழில் உரிமைக்கு எதிரானது என்று கூறியது. அதே மாநிலத்தின் ஜலாலாபாத் சிறுநகரக் குழு, விற்பனையில் ரூபாய்க்கு ஓர் அணா வசூலிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவருக்கு அளித்தது. அத்தகைய கட்டணத்தை விதிக்கக் குழுவுக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று 1952 இல் தீர்ப்பானது. உள்ளாட்சியின் வருமானம் கூடுகிறது என்பதால் மட்டும் ஒரு குத்தகை செல்லுபடியாகிவிடாது என்பது இவ்வழக்குகள் தரும் பாடம்.

வடிவம் பற்றிய விதியும் தொடர்ந்தது. புதுதில்லி நகராட்சிக் குழு ஒதுக்கிய கடைகள் பற்றிய வழக்கில், சட்டப்படி ஒப்பந்தம் எழுதப்படாததால் வீட்டுரிமையாளர்–வாடகைதாரர் உறவே உருவாகவில்லை என்று 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. வாடகைதாரருக்குரிய பாதுகாப்பு கடைக்காரர்களுக்குக் கிடைக்காமல் போனது. மறுபுறம், 1961 இல் பி. கே. மண்டல் நிறுவன வழக்கு வந்தது. முறையான ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், செய்த வேலையின் பயனை அரசு ஏற்றுக்கொண்டிருந்தால் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70 ஆம் பிரிவின்படி ஈடு தர வேண்டும் என்று அதில் முடிவானது. லீமிங்டன் விதியின் கடுமை இந்தியாவில் இவ்வாறு தணிந்தது.

நீதிமன்றம் வழி தவறு திருத்தப்படுவதற்குக் காலம் ஆகும். அதற்குள் இழப்பு நேர்ந்துவிடும். சென்னை மாநகராட்சியின் வரலாறு இதற்குச் சான்று. கூலிப் பணியாளர் வருகைப் பட்டியலில் நடந்த மோசடி, ‘மஸ்டர் ரோல் ஊழல்’ என்ற பெயரில் வெடித்தது. 1973 இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996 இல்தான் நடந்தது. தவறு செய்தவர் சிலர். தம் பிரதிநிதிகள் இல்லாமல் 23 ஆண்டுகள் காத்திருந்தது நகரம் முழுவதும்.

கையெழுத்துக்கு முன்: 1994, 1998 ஆம் ஆண்டுச் சட்டங்கள்

73 ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இயற்றப்பட்டது. இதன்படி ஊராட்சித் தலைவரே செயல் அலுவலர். ஆனால் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும். சட்டத்திற்கு மாறான தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ நீக்கவோ ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு.

அடுத்த பெரிய படி, 1998 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம். இதற்கான விதிகள் 2000 இல் வந்தன. அரசுத் துறைகளோடு உள்ளாட்சி அமைப்புகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. இதன் முக்கிய கூறுகள்:

• சட்டம் விலக்களித்த இனங்கள் தவிர, ஒப்பந்தப்புள்ளி கோராமல் கொள்முதல் செய்யக் கூடாது.
• ரூ. 2 கோடி வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.
• விலை குறைக்கும் பேச்சு, மிகக் குறைந்த விலை கேட்டவருடன் மட்டுமே நடக்கலாம்.
• முடிவால் பாதிக்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளிதாரர் 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பணம் செலவான பிறகு தணிக்கைக் குறிப்பு எழுதுவதோடு நில்லாமல், கையெழுத்துக்கு முன்பே தவறைத் தடுக்க முயல்வது இச்சட்டத்தின் சிறப்பு. தணிக்கைக்கும் தனி அடிப்படை உண்டு. அது 2014 ஆம் ஆண்டின் தமிழ்நாடு உள்ளாட்சி நிதித் தணிக்கைச் சட்டம்.

ஊரே சரிபார்க்கும் இடம்

சட்ட அலுவலர் இல்லாத ஊராட்சியில் கிராம சபையே மக்களின் ஆய்வு மன்றம். வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள். ஊராட்சியின் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை ஆகியவை அங்கே வைக்கப்பட வேண்டும். முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிய சபை, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டு ஆறு முறை கூடுவதாக 2022 இல் அறிவிக்கப்பட்டது. மாணவரும் நெசவாளரும் உழவரும் அங்கே கேட்கக்கூடிய கேள்விகள் எளியவை. ஏலம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா? எத்தனை பேர் விலை கேட்டார்கள்? தீர்மானத்தின் நகல் எங்கே? பதில் கிடைக்காவிட்டால் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

இதன் தேவை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலங்களில் இன்னும் கூடுகிறது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஊரக அமைப்புகள் 2019 இறுதி வரை தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். மன்றம் இருக்கும்போது முன்மொழிபவர், வாக்களிப்பவர், கையெழுத்திடுபவர் என்று பொறுப்பு பலரிடம் பிரிந்திருக்கும். தனி அலுவலர் காலத்தில் தீர்மானமும் அதை நிறைவேற்றுவதும் ஒருவரிடமே சேர்கின்றன. அலுவலர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தம் முடிவைத் தாமே சரிபார்ப்பது ஆய்வாகாது. அப்போதும் கலையாமல் இருப்பது கிராம சபை ஒன்றுதான்.

உத்திரமேரூர்ச் சபையார் விதியைக் கோயில் சுவரில் வெட்டியதால் ஊரார் கண்ணில் அது நாள்தோறும் பட்டது. இன்றைய விதிகள் அரசிதழிலும் கோப்பிலும் இருக்கின்றன. அவற்றை ஊரார் படித்துக் கிராம சபையில் கேட்கும்போதுதான் சட்ட ஆய்வு மாநகரத்தோடு நின்றுவிடாமல் வெம்பாக்கத்தின் ஏரிக்கரைக்கும் வந்து சேரும்.