நிலம் நடுங்கிய பின்: போத்தனூரிலிருந்து கட்ச் வரை

போத்தனூர் என்ற பெயரைக் கேட்டதும் 1921 நவம்பரில் திரூரிலிருந்து மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட மாப்பிள்ளை முஸ்லிம்கள் மூச்சுத் திணறி இறந்த கொடுமையே நம் நினைவுக்கு வருகிறது. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரம் வேறொரு அதிர்ச்சியைக் கண்டிருந்தது. 1900 பிப்ரவரி 8 அன்று, நோன்புப் பெருநாள் கழிந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி ரிக்டர் அளவில் 6 எனக் கணிக்கப்படும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அதிர்வு தென்னிந்தியாவின் பெரும்பரப்பில் உணரப்பட்டது. இன்று கோவை, நில அதிர்வு வரைபடத்தின் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. அந்த நாளை நம் வீடுகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. பேரழிவு நேராத ஊரில் அதிர்ச்சி எளிதில் மறக்கப்பட்டுவிடுகிறது. அழிவைக் கண்ட ஊர்கள் எப்படி மீண்டெழுந்தன என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஷாம் தேசத்தில் நிலம் நடுங்கியபோது கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் பல பகுதிகளுக்கும் கடிதம் எழுதினார்கள். குறிப்பிட்ட நாளில் மக்கள் வெளியே திரண்டு அல்லாஹ்விடம் இறைஞ்ச வேண்டும், வசதியுள்ளவர் தர்மம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். பிரார்த்தனையையும் பொருளுதவியையும் ஒரே கடிதத்தில் சேர்த்துச் சொன்ன அந்த மரபு நம்மிடம் அறுபடவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஆழிப்பேரலையாக நம் கரையைத் தாக்கியபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அண்டை மீனவக் குப்பத்து மக்களுக்கு உணவும் தங்குமிடமும் தந்தனர். நாகப்பட்டினத்தில் முஸ்லிம் தொண்டர்கள் சடலங்களை மீட்டு அடக்கம் செய்தனர். ஆனால் அதே கடற்கரைச் சாலைகளில், யாருக்கும் உதவாத பழைய துணிமணிகள் மலைபோல் குவிந்து கிடந்ததையும் மறைப்பதற்கில்லை. முதல் வாரத்தின் உணர்ச்சி வேகத்தில் நாம் குறை வைப்பதில்லை. மூன்றாம் ஆண்டில் அந்த மக்களுக்கு என்ன தேவை என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைவு.

மறுகட்டுமானத்தில் இந்தியா இரு வேறு வழிகளைக் கண்டிருக்கிறது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மராட்டியத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களைச் சிதைத்த நிலநடுக்கத்துக்குப் பின், பெருஞ்சேதமடைந்த 52 கிராமங்கள் முழுமையாக வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. நேர்கோட்டுத் தெருக்களில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள். கால்நடைக்கும் தானியத்துக்கும் இடம் வேண்டிய விவசாயிக்கு அவை பொருந்தவில்லை. கட்டியவரின் நோக்கத்தில் பழுதில்லை. குடியிருக்கப் போகிறவரிடம் கேட்காததே பழுது.

2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்கு குஜராத்தின் கட்ச் பகுதி 7.7 அளவில் குலுங்கியபோது 13,800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கும் ஊர்களை இடம் மாற்றும் பேச்சு எழுந்தது. பெரும்பாலான மக்கள் மறுத்தனர். எனவே அரசு வீட்டுக்குரியவரின் கையிலேயே பணத்தைத் தவணைகளாக அளித்தது. ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் பார்வையிட்டு, வீடு அதிர்வைத் தாங்கும் முறையில் எழும்புகிறது என்று சான்றளித்த பின்னரே அடுத்த தவணை கிடைத்தது. ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள் இவ்வாறு எழுந்தன. பன்னி புல்வெளியில் வாழும் முஸ்லிம் கால்நடை வளர்ப்போரின் வட்டவடிவ மண்வீடுகளான 'பூங்கா'க்களில் பல அந்த அதிர்வைத் தாங்கி நின்றதைக் கண்டு பொறியாளர்களே வியந்தனர். 1819 நிலநடுக்கத்தில் தரை உயர்ந்து உருவான நீண்ட மேட்டுக்கு 'அல்லாஹ் பந்த்', அதாவது அல்லாஹ்வின் அணை, என்று பெயரிட்ட மண்ணல்லவா அது!

அதே கட்ச்சில் தமட்கா என்றொரு சிற்றூர். 16ஆம் நூற்றாண்டில் மன்னர் ராவ் பார்மலின் அழைப்பை ஏற்று சிந்துவிலிருந்து வந்த கத்ரி சமூகத்தார் குடியேறிய இடம். அவர்களின் முஸ்லிம் வழித்தோன்றல்கள் மர அச்சுகளால் துணியில் 'அஜ்ரக்' என்னும் சித்திர வேலை செய்பவர்கள். அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் ஏறுவதற்குத் துணியைப் பலமுறை நீரில் அலச வேண்டும். ஆகவேதான் சாரண் ஆற்றங்கரையைத் தேர்ந்தனர். ஆறு முன்பே வற்றிவிட்டது. 2001இல் ஊரும் இடிந்தது. நிலத்தடி நீரில் இரும்புச்சத்து கூடி, சாயத்துக்கு ஆகாததாயிற்று. நொய்யல் கரைச் சாயப்பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பொருள் விளங்கும். இரும்பு கலந்த நீர் நிறத்தையே மங்கடித்துவிடும்.

அவர்களுக்கு யாரேனும் தமட்காவிலேயே அழகிய வீடுகளைக் கட்டிக் கொடுத்திருக்கலாம். வீடு இருந்திருக்கும். தொழில் இருந்திராது. கைவினைஞர் பலர் கூடி முடிவெடுத்து, புஜ் நகருக்குக் கிழக்கே நல்ல நீர் கிடைக்கும் நிலத்தைத் தேடி, 'அஜ்ரக்பூர்' என்று தம் தொழிலின் பெயரையே புதிய ஊருக்கு இட்டனர். இம்முயற்சியில் முன்நின்ற இஸ்மாயில் முஹம்மது கத்ரிக்கு 2003இல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. பட்டத்தினும் பெரிது, அந்த ஊருக்கு இடம் தேர்ந்தவர்கள் அதில் வாழப்போகிறவர்களாகவே இருந்தது.

2023 பிப்ரவரியில் துருக்கியும் சிரியாவும் குலுங்கியபோது நம்மவர்கள் பலரும் மனமுவந்து கொடுத்தார்கள். அந்தப் பணத்தின் ஒரு பகுதியை இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கென ஒதுக்கி வைத்து, தறிக்கோ, பட்டறைக்கோ, கிணற்றுக்கோ கொடுக்கலாமா என்ற கேள்வி நம் ஜமாஅத் கூட்டங்களில் எழ வேண்டும் என்பது எம் கருத்து. குடும்பத் தலைவரை இழந்த பெண்ணின் தையல் இயந்திரமும் மறுகட்டுமானத்தில் சேரும்.

கத்ரிகள் எல்லோரும் அஜ்ரக்பூருக்குப் போய்விடவில்லை. சில குடும்பங்கள் தமட்காவிலேயே தங்கித் தொழிலைத் தொடர்ந்தன. அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவுமில்லை. கட்ச் அஜ்ரக்கிற்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இரு ஊர்களிலும் அச்சுக்கட்டைகள் துணியில் பதிந்துகொண்டுதான் இருந்தன.