எல்லையும் ஏடும்: வரிச்சிக்குடிப் பகுதியின் ஊர் வரலாறு

'குடி' என முடியும் ஊர்ப்பெயர்கள் காவிரிக் கடைமடையில் பலவாகும். காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரிக் கொம்யூனைச் சார்ந்த வரிச்சிக்குடியும், அதன் சுற்றுப்புறத்துக் காசாக்குடியும் திருவேட்டக்குடியும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை. குடி என்னும் சொல் இல்லத்தையும் குறிக்கும். அதில் வாழும் மக்களையும் குறிக்கும். எனவே இவ்வூர்களின் வரலாறு நிலத்தின் வரலாறாக மட்டும் நின்றுவிடுதல் பொருந்தாது.

செப்பேடு காட்டும் எல்லை

1879-ஆம் ஆண்டில் காசாக்குடியில் 11 ஏடுகள் கொண்ட செப்பேட்டுத் தொகுதி ஒன்று கிடைத்தது. இரண்டாம் நந்திவர்ம பல்லவனின் 22-ஆம் ஆட்சியாண்டில், வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பெற்றது அது. அது கூறும் கொடையூராகிய கொடுகொள்ளி தொண்டை நாட்டைச் சேர்ந்தது. எனினும் ஓர் ஊர் எவ்வாறு ஊராயிற்று என்பதை அது தெளிவுறக் காட்டுகிறது. நாட்டார் அரசாணையைத் தலைமேல் தாங்கி, எல்லையைச் சுற்றி நடந்து, கற்களையும் கள்ளிகளையும் நட்டு வரம்பு வகுத்தனர்.

இங்கிலாந்தின் சிற்றூர்த் திருச்சபைப் பங்குகளிலும் இத்தகைய வழக்கம் இருந்தது. பங்கு மக்கள் எல்லையைச் சுற்றி வந்து எல்லைக் கற்களைக் கோலால் தட்டுவர். நினைவு அடுத்த தலைமுறைக்கும் நிலைக்கும் பொருட்டுச் சிறுவரையும் உடன் அழைத்துச் செல்வர். ஊரெல்லை மக்களின் கால்களால் எழுதப்பட்டது என்பதற்கு இரு நாடுகளும் சான்றாகும்.

பங்கு கொம்யூனான வரலாறு

1738-இல் தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜியோடு செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே, 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். பின்னரும் பலமுறை கைமாறி, 1817-இல் மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்குள் வந்தது. வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை தேனியர் இருந்தனர். அருகருகே மூன்று ஐரோப்பியக் கொடிகள் பறந்த கரை இது.

இங்கிலாந்தில் 1538 முதல் திருமுழுக்கு, மணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குக் குருமார் பதிவேட்டில் எழுதிவந்தனர். பிரான்சிலும் பதிவேடு குருமார் கையில்தான் இருந்தது. 1789-இல் எழுந்த புரட்சி பங்குகளின் இடத்தில் கொம்யூன்களை அமைத்தது. 1792-இல் பதிவேடும் கொம்யூனிடம் வந்தது. அவ்வமைப்பே 1880 மார்ச் 12-ஆம் நாளிட்ட ஆணையால் இங்கும் கால்கொண்டது. காரைக்கால் பகுதியில் தொடக்கத்தில் மூன்றாயிருந்த கொம்யூன்கள் 1907-இல் ஆறாயின. கோட்டுச்சேரி அவற்றுள் ஒன்று. இன்று நாம் இயல்பாக வழங்கும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்னும் தொடருக்குள் ஓர் ஐரோப்பியத் திருச்சபைப் பங்கின் நிழலும் படிந்துள்ளது.

பெயர்கள்

பதிவேடு பெயரைக் காத்தது, மாற்றவும் செய்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாளிட்ட ஆணைப்படி, மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டனர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லபோர்த்' ஆனார். வாயில் என்பது அதன் பொருள். அவருக்குத் தம் பெயரைத் தாமே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் காரைக்கால் துறையில் கப்பலேறி ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற கூலியாட்களுக்கு அத்தகைய வாய்ப்பு எங்கே? குடியேறிகள் பதிவேட்டில் அவர்கள் எண்ணிடப்பட்டனர்.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கொம்யூன் மன்ற உறுப்பினர்களே. அந்நியர் அமைத்த அமைப்பைக் கொண்டே அந்நியர் ஆட்சி முடிவுற்றது. நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது.

பிரெஞ்சிந்தியப் பதிவேடுகளின் படிகள் பிரான்சில் எக்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆயினும் வயலின் பெயர், வாய்க்காலின் பெயர், களத்துமேட்டின் பெயர், நாற்று நட்ட பெண்ணின் பெயர் ஆகியவற்றை எந்தக் காப்பகத்தில் தேடுவது? முதியோர் நாவில் மட்டுமே வாழும் சொற்கள் அவை. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்துக் கவிஞர் பெருமக்கள் ஒருமுறை தத்தம் ஊரெல்லையைச் சுற்றி நடந்து, கேட்ட பெயர்களையெல்லாம் எழுதி வைத்தல் வேண்டும். கல்லும் கள்ளியும் நடுவது நம் முன்னோர் செய்த பணி. சொல்லை நடுவது நம் பணி.