மொழியைக் கேட்கவில்லை, மதத்தைக் கேட்டார்கள்



துருக்கி மதச்சார்பற்ற நாடு என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். 1928-இல் 'அரசு மதம் இஸ்லாம்' என்ற வாசகத்தை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கினார்கள். 1937-இல் மதச்சார்பின்மையை அதில் சேர்த்தார்கள். ஆனால் அங்கே யார் குடிமகன் என்பதை முதலில் முடிவு செய்தது மதம்தான்.

1923 ஜனவரி 30 அன்று லொசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. போரில் ஏற்கெனவே ஓடிவந்தவர்களையும் சேர்த்து, சுமார் 12 லட்சம் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்குப் போனார்கள். ஏறத்தாழ 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கு வந்தார்கள். கப்படோசியாவில் துருக்கி மொழியே பேசிய கிறித்தவர்களைக் 'கிரேக்கர்' என்றார்கள். கிரீட் தீவில் கிரேக்கம் பேசிய முஸ்லிம்களைத் 'துருக்கியர்' என்றார்கள். போன இடத்தில் இருவருக்கும் பேச்சு புரியவில்லை.

இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கு விலக்கு இருந்தது. அவர்களும் நிம்மதியாக இல்லை. 1942-இல் வந்த சொத்து வரி, முஸ்லிம் அல்லாதவர்கள்மீது பல மடங்கு விதிக்கப்பட்டது. கட்ட முடியாதவர்கள் அஷ்காலே முகாமுக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். 1955 செப்டம்பரில் அவர்களுடைய கடைகளும் தேவாலயங்களும் சூறையாடப்பட்டன. ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தவர்கள் இன்று சில ஆயிரம் பேர்தான்.

ஒரு நாடு மதச்சார்பற்றதா என்று அறிய, அரசியல் சட்டத்தை மட்டும் படித்தால் போதாது பிள்ளைகளே. அதன் வரிப் பட்டியலையும் பாருங்கள்.