பாடும் பெட்டியின் உயிர்நிலை

ஏழு கடலுக்கு அப்பால், இருண்ட குகையொன்றில், கூட்டில் அடைபட்ட கிளியின் உடலிலே தன் உயிரை ஒளித்து வைத்திருந்த அரக்கனின் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேளாத தமிழ்ப் பிள்ளைகள் இலர். அரக்கனை வாளால் வெட்டி வீழ்த்த முயன்றோர் யாவரும் தோற்றனர். கிளியைத் தேடிச் சென்றவன் ஒருவனே வென்றான். கையோடு எடுத்துச் செல்லத்தக்க இசைப்பெட்டிகளின் வரலாறும் இக்கதையை ஒத்ததே. பாடுவது ஒலிபெருக்கியாயினும், பெட்டியின் உயிர் இருப்பது மின்கலத்திலே. பெட்டி ஊமையானவுடன் அதன் வயிற்றைத் திறந்து கம்பிகளைக் கிளறுவோர் பலர். மின்னூட்டம் வரும் வழியை முதலில் ஆராய்வோர் சிலர். அச்சிலரே பெரும்பாலும் வெற்றி பெறுகின்றனர். ஏன் அவ்வாறு என்பதை அறிய, மின்கலத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து நோக்குதல் வேண்டும்.

இத்தாலி நாட்டு அறிஞர் வோற்றா, 1800ஆம் ஆண்டில், நாகத் தட்டையும் வெள்ளித் தட்டையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, இடையறாத மின்னோட்டத்தைப் பெற்றார். பிரான்சு தேசத்து லெக்கிலாஞ்சே 1866இல் அமைத்த கலம் வீட்டு மணிகளுக்கும் தந்திக்கும் பயன்பட்டது. எனினும் அதில் நீர்மம் நிறைந்திருந்தமையால், அது சாய்ந்தால் சிந்தும். செருமானியராகிய காசுனர் 1886இல் அந்நீர்மத்தைப் பசையாக்கி, நாகப் பாத்திரத்தினுள் அடைத்து, உலர்கலத்தை ஆக்கினார். கையோடு கொண்டுசெல்லும் மின்னிசைக்கு அடிகோலியது இதுவே.

ஆயின் அதில் ஒரு வினை ஒளிந்திருந்தது. நாகப் பாத்திரம் கலத்தின் சுவராகவும், அதே வேளையில் அதன் எதிர்முனையாகவும் அமைந்தது. மின்னைத் தருந்தோறும் அந்நாகமே கரைகின்றது. உணவும் உணவுக் கலயமும் ஒன்றாயிருக்குமாயின், உண்டு முடிக்கும்போது கலயம் ஓட்டையாதல் இயல்பன்றோ? தீர்ந்த மின்கலத்தைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவைப்பதால் அது கசிந்து உலோக வில்லை அரிப்பதன் காரணம் இதுவே.

வால்வு வானொலிக் காலத்தில் ஒரு பெட்டிக்கு ஒரு மின்கலம் போதவில்லை. வால்வின் இழையைச் சூடேற்றத் தாழ்ந்த அழுத்தமும், ஒலிக் குறியைப் பெருக்க உயர்ந்த அழுத்தமும் தேவைப்பட்டன. 1920களில் இங்கிலாந்து மக்கள், இழைக்குரிய 2 உவோற்று ஈயக் கலத்தைக் கண்ணாடிச் சாடியோடு கடைக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வந்தனர். பின்னர் வந்த பெட்டிகள் பலவற்றில் இழைக்கு 1.5 உவோற்றும் மற்றதற்கு 90 உவோற்றும் உலர்கலங்களாலேயே கிடைத்தன. கவனப் பிழையால் 90 உவோற்றை இழையில் இணைத்தவரின் வால்வுகள் நொடியில் எரிந்தன. இத்தவறு நேராவண்ணம், இரண்டுக்கும் வெவ்வேறு வடிவில் செருகிகள் அமைக்கப்பட்டன.

மின்கலத்தின் விலை, யார் கேட்கலாம் யார் கேட்கலாகாது என்பதையும் தீர்மானித்தது. இன்று சாம்பியா எனப்படும் வட றொடீசியாவில், தகவற்றுறைப் பணிப்பாளராயிருந்த ஹரி பிராங்ளின், மின்சாரமற்ற கிராமத்து ஆபிரிக்கருக்கென மலிவான வானொலிப் பெட்டியொன்றைச் செய்விக்கப் பல ஆண்டுகள் முயன்றார். மின்கல உற்பத்தியிற் பெயர் பெற்ற எவர் ரெடி நிறுவனம் இறுதியில் முன்வந்தது. முதற் பெட்டிகளுக்கு அலுமினியச் சட்டியே உறையாயிற்று; ஆகவே அது ‘சட்டி வானொலி’ என்னும் பொருள்பட அழைக்கப்பட்டது. 1949இல் பெட்டியின் விலை 5 பவுண். மின்கலத்தின் விலை 1 பவுண் 5 சிலிங். அது உழைத்தது ஏறத்தாழ 300 மணி நேரம். நாளுக்கு இரண்டரை மணி நேரம் கேட்ட குடும்பம் நான்கு மாதத்திற்கொரு மின்கலம் வாங்க வேண்டும். நான்கு மின்கலங்களின் விலையில் இன்னொரு பெட்டியே வாங்கிவிடலாம்!

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த திரான்சிற்றர் இப்பாரத்தைக் குறைத்தது. அதற்குச் சூடேற்றும் இழை வேண்டியதில்லை. 1954இல் விற்பனைக்கு வந்த றீஜென்சி என்னும் பெட்டி, நான்கு திரான்சிற்றர்களோடும் 22.5 உவோற்றுச் சிறு மின்கலத்தோடும் சட்டைப் பையளவில் அமைந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் பேர்லின் கண்காட்சியில் கசெற் நாடாவை அறிமுகப்படுத்தியது. 1979 யூலை முதலாம் நாள் யப்பானில் வெளிவந்த சோனி வோக்மன், இரண்டு சிறு கலங்களால், 3 உவோற்றில் நாடாவைச் சுழற்றியது.

பெட்டிகள் மாறினும் பழுது தேடும் முறை மாறவில்லை. ஊற்றிலிருந்து தொடங்கி, மின் நடக்கும் வழியே நடத்தல் வேண்டும். முதலாவது, கலங்கள் யாவும் உரிய திசையில் உள்ளனவா, ஒரே வயதினவா எனப் பார்த்தல். புதிய மூன்றோடு கலந்த பழைய ஒன்று நான்கையும் கெடுக்கும். இரண்டாவது, தொடுமுனைகளை நோக்குதல். வெண்பொடி பூத்த முனையில் மின் செல்லாது. 1959 முதல் விற்பனைக்கு வந்த காரக்கலத்தின் கசிவாயின் தேசிப்புளியோ வினாகிரியோ தோய்த்த துணியாலும், பழைய நாகக்கலத்தின் கசிவாயின் அப்பச்சோடாக் கரைசல் தோய்த்த துணியாலும் துடைத்து, நன்கு உலரவிடல் தகும். மூன்றாவது, பெட்டி பாடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தத்தை அளத்தல். ஓய்ந்திருக்கையில் 1.5 உவோற்றுக் காட்டும் முதிய கலம், சுமை ஏறியவுடன் 1 உவோற்றுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். அதன் உட்தடை பெருகியிருப்பதே காரணம். வானொலி பாடுகையில் நாடா மட்டும் தளர்ந்து இழுபடுவதும் இதனாலேயே. நாடாவைச் சுழற்றும் மோட்டருக்குக் கூடிய மின்னோட்டம் வேண்டும்.

நான்காவது பழுது பலரை ஏமாற்றுவது. சுவர் மின்னுக்கான செருகியைச் செருகியவுடன், துளையினுள் உள்ள சிறு தகடொன்று மின்கலத்தைத் துண்டிக்கும். செருகியை எடுத்த பின்னும் அத்தகடு மீளாதிருந்தால், புத்தம் புதிய கலங்களும் பயன்தரா. மேலும், செருகிகள் சிலவற்றில் நடு ஊசி நேர்முனை; சிலவற்றில் எதிர்முனை. துளையோரத்தில் பொறித்த குறியைப் பாராமல் இரவற் செருகியை மாட்டுவோர், நல்ல பெட்டியை இழப்பர்.

இவ்வறிவு எத்துணை மதிப்புடையது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் 1990களிற் கண்டனர். போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லை; தடைகளால் மின்கலங்களும் கிடைத்தற்கரியனவாயின. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னைக் கொண்டு செய்தியும் பாட்டும் கேட்டனர். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். எனவே இருவாயிகளால் அதனை ஒருவழிப்படுத்தி, கொள்ளளவியால் சமப்படுத்த வேண்டியிருந்தது. சுழற்றும் கை தளர்ந்தால் குரல் மங்கும்; விரைந்தால் அழுத்தம் மிகுந்து பெட்டிக்கு ஊறு நேரும். அளவறிந்து சுழற்றிய கைகளுக்கு உலகத்தின் செய்தி எட்டியது. பிள்ளைகள் முறைவைத்துச் சுழற்ற, முதியோர் செவிசாய்த்திருந்த முற்றங்கள் அக்காலத்தின் அழியாச் சித்திரங்கள்.

1991இல் விற்பனைக்கு வந்த இலிதியம் அயன் கலம் இன்று கைப்பேசியிலும் சிறு ஒலிபெருக்கியிலும் அடைபட்டிருக்கின்றது. அது வீங்கியிருப்பின் குத்துதலும் அழுத்துதலும் தீயை அழைப்பதாகும். அதனை உரியவரிடம் ஒப்படைத்தலே முறை. மற்றபடி, பழைய பாடமே இங்கும் பொருந்தும். மின்னேற்றும் துளையிலுள்ள தூசும், உள்ளே முறிந்த கம்பியுமே பல கருவிகளை ஊமையாக்குகின்றன. பெட்டியை எறியுமுன் கிளியைத் தேடுக. உயிர் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.