அடமானம் போகும் குழந்தை: புதுக்கோட்டையிலிருந்து சில குறிப்புகள்

குழந்தை உரிமை பற்றிப் பேசும் நம்ம கூட்டங்களில் ரெண்டு குரல்தான் கேட்கிறது. சட்டம் போதாது என்பது ஒன்று. சட்டமெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பது இன்னொன்று. எந்தச் சட்டம் யார் கையில் எதைக் கொடுத்தது என்ற கேள்வியை இரண்டுமே எழுப்புவதில்லை. புதுக்கோட்டை வரலாற்றை முன்வைத்து அதைக் கேட்டுப் பார்க்கிறேன்.

1886இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் ராஜாவின் அனுமதியோடுதான் முத்துலட்சுமி சேர முடிந்தது. பின்னாளில் சென்னைச் சட்டசபைக்குள் போன அவரது பணிகளில், பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்த 1947ஆம் வருடச் சட்டத்துக்கு இட்டுச்சென்ற போராட்டத்தையே அதிகம் சொல்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது 1929இல் அவர் கொண்டுவந்த அறநிலையச் சட்டத் திருத்தம். கோயில் ஊழியத்துக்காக விடப்பட்டிருந்த இனாம் நிலத்தை அந்த ஊழியத்திலிருந்து பிரித்து, நிலம் பெண்ணிடமே இருக்கும்படி செய்தது அது. நிலம் கைவிட்டுப் போகாமலிருக்க அடுத்த தலைமுறைச் சிறுமிக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தின் வேரில் கைவைத்தது. ஒழுக்கம் பற்றிய அன்றைய சொல்லாடலுக்கு நடுவே, இது சொத்து பற்றிய சட்டம்.

இதோடு 1933ஆம் வருடத்துச் சட்டத்தை ஒப்பிடலாம். குழந்தைகளின் உழைப்பை அடகுவைப்பது பற்றி விட்லி கமிஷன் 1931இல் சொன்னதன் தொடர்ச்சியாக வந்தது அது. 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை ஈடாக வைக்கும் ஒப்பந்தம் செல்லாது. பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், முதலாளிக்கு 200 ரூபாய் வரை. நியாயமான கூலி தவிர வேறு பலன் வாங்காமல், ஒரு வார முன்னறிவிப்பில் முறித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தமாக, பிள்ளைக்குப் பாதகமில்லாமல் இருந்தால் தடையில்லை. ‘அட்வான்ஸ்’ வாங்காமல் அந்தக் குடும்பம் எப்படிப் பிழைக்கும்? சட்டம் கேட்கவில்லை.

தவிர, பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம் சமஸ்தான எல்லைக்குள் தானாக வராது. 1948 மார்ச்சில்தான் புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்தது. அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு, 14 வயதுக்குட்பட்டவரைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் அமர்த்தக் கூடாது என்றது. 1976ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனையே ரத்து செய்தது. ஆனா கல்குவாரி யாருடையது? அதைத் தொடவில்லை. லோடு கணக்கில் கூலி என்றால், புருசன் பாறை பிளக்க, பொண்டாட்டி ஜல்லி உடைக்க, கணக்கில் வராத சின்னக் கையும் கூடச் சேரும். கூலி வாங்குவது ஒரு ஆள், உழைப்பது குடும்பம்.

1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, கல்குவாரிகள் காண்ட்ராக்டர்களிடமிருந்து பெண்கள் குழுக்களின் குத்தகைக்கு வந்தன. அதே காலத்தில்தான் அறிவொளி இயக்கமும், பெண்கள் சைக்கிள் பழகியதும். குவாரி தாய்மார் கைக்கு வந்தால் குழந்தை உழைப்பு தானாக ஒழிந்துவிடும் என்று நான் வாதாடவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும் இடம், காண்ட்ராக்டரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து வீட்டுக்கு நகர்கிறது என்பதே என் வாதம். 1929 திருத்தம் நிலத்தில் செய்ததை இந்தக் குத்தகை பாறையில் செய்தது. ஆனால் இது சட்டமல்ல, நிர்வாக முடிவு. அதிகாரி மாறினால் முடிவும் மாறலாம்.

தேசியச் சட்டமோ வேறு திசையில் போனது. 1986ஆம் வருடக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தோடு நடத்தும் பட்டறைக்கு விலக்களித்தது. 1992இல் இந்தியா ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றது. கூடவே பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் ‘உதவலாம்’ என்றும் சேர்த்தது. இங்கே குடும்பம் என்பது அதிகாரம் இல்லாத, சந்தை நுழையாத புனித வெளியாகக் கட்டமைக்கப்படுகிறது. அடமானம் எழுதப்பட்டது அந்த வீட்டுக்குள்ளிருந்துதானே?

ஆகவே, குழந்தைக்கான சட்டம் எதுவானாலும் அதனிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: தண்டனை எவ்வளவு என்பது இருக்கட்டும். அடகு மீட்க அந்தத் தாய் கையில் என்ன கொடுத்தாய்? நிலமா, குவாரியா, வெறும் நோட்டீஸா?