மேசைக்கணினி ஓசைகள் - பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்கள்

மேசைக்கணினியில் வழக்கத்துக்கு மாறாக எழும் ஓசையைக் கொண்டு பழுதான உறுப்பை அறியும் முறை. கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, இஞ்சிவிளை, காரோடு, பனச்சமூடு வட்டாரத்தில் இதற்குத் தனிக் கவனம் தேவைப்படக் காரணம் காற்று. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இப்பகுதியை நனைக்கின்றன. பொழியூர், பூவார் கடற்கரைகள் அருகில் உள்ளன. ஈரமும் உப்பும் சேர்ந்து விசிறியின் அச்சையும் மின் இணைப்புகளையும் அரிக்கின்றன. இவ்வூர்களை ஒட்டிய மாநில எல்லை 1956 நவம்பர் 1இல் அமைந்தது; அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தமிழர் கோரிய நெய்யாற்றின்கரையோ கேரளத்திலேயே விடுபட்டுப் போனது. எல்லைக்கு இருபுறமும் காற்றும் தூசியும் ஒன்றே என்பதால் தமிழ்நாட்டுப் பக்கமுள்ள களியக்காவிளைக்கும் கீழ்வருவன பொருந்தும்.

கணினி ஓசையின் முதல் கிளை வன்தட்டு; வரலாற்றை அதிலிருந்து தொடங்குவதே முறை. அதே 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியின் தட்டுக் கிடங்கில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள். எடை ஒரு டன்னுக்கு மேல். தட்டுகள் சுருங்கச் சுருங்க வேகம் ஏறியது. மேசைக்கணினிகளில் பரவிய வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வது. அதாவது நொடிக்கு 120 சுற்று. அடியில் கேட்கும் மெல்லிய ரீங்காரத்துக்கு இச்சுழற்சியே அடிப்படை. 2001இல் சீகேட் தன் பாரகுடா வரிசையில் எண்ணெய்ப் படலத்தில் சுழலும் பேரிங்கைக் கொண்டுவந்தபின் அந்த ரீங்காரமும் பெரிதும் அடங்கியது.

இரண்டாம் கிளை, கணினி தானே எழுப்பும் 'பீப்' ஒலி. 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி. 5150, மின்சாரம் ஏறியதும் தன் பாகங்களைத் தானே சோதித்து, எல்லாம் சரியெனில் ஒருமுறை குறுக ஒலித்தது. ஒரு நெடில், இரு குறில் என்றால் திரை அட்டையில் கோளாறு. ஒரு நெடில், ஒரு குறில் என்றால் மதர்போர்டு. பின்வந்த பயாஸ் (தொடக்கச் சோதனை மென்பொருள்) நிறுவனங்கள் தத்தம் போக்கில் குறியீடுகளை மாற்றின. ஏ.எம்.ஐ. பயாசில் மூன்று ஒலிப்பு அடிப்படை நினைவகத்தையும், எட்டு ஒலிப்பு திரை நினைவகத்தையும் குறிக்கும். அவார்டு, ஐ.பி.எம்.மின் நெடில்-குறில்-குறிலை அப்படியே வைத்துக்கொண்டது. ஃபீனிக்ஸ் நான்கு தொகுதிகளாக ஒலித்து எண்ணவைத்தது. ஒலிப்பை எண்ணுவதற்குமுன் பயாஸ் யாருடையது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விடாமல் ஒலித்தால் ரேம் அட்டையைக் கழற்றி, அதன் பொன்முனைகளை அழிப்பானால் தேய்த்து மீண்டும் செருகுவது இவ்வூர்க் காற்றுக்கு ஏற்ற முதல் மருந்து. விசைப்பலகையில் ஏதோ ஒரு பொத்தான் அழுந்திக் கிடந்தாலும் கணினி கத்தும்.

மூன்றாம் கிளை, சுழலும் பாகங்கள். குளிர்ந்த காலையில் கரகரத்து, பத்து நிமிடத்தில் அடங்கினால் விசிறியின் ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது. ஒட்டுத்தாளை உரித்து ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டால் பல மாதம் ஓடும். வீட்டில் கைக்கெட்டுவது தேங்காய் எண்ணெய். அதை விட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து அச்சையே இறுக்கிவிடும். 'டர்ர்' என்று சீராக வந்தால் ஏதோ வயர் இறக்கையில் உரசுகிறது. கணினி சூடேறும்போது இரைச்சல் கூடினால் ப்ராசஸரின் வெப்பத் தகடுகளில் தூசி அடைத்திருக்கும். அல்லது 2004க்குப் பின் வந்த இன்டெல் விசிறியின் நான்கு கால்களில் ஒன்று பிடிவிட்டிருக்கும். 52 எக்ஸ் சி.டி. டிரைவ் நிமிடத்துக்குச் சுமார் 10,000 முறை சுழல்வதால் விரிசல் விட்ட சி.டி. உள்ளேயே சிதறக்கூடும்.

எந்தப் பாகம் என்று தெரியாவிட்டால் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பெட்டியின் வெளித்தகட்டில் ஆங்காங்கே வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்கலாம். எஸ்.எம்.பி.எஸ். மின்பெட்டியைத் திறக்கக் கூடாது; அணைத்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தேங்கியிருக்கும். உள்ளே புகுந்த பல்லியும் எறும்பும் மின்முனைகளை இணைத்துவிட்டால் 'படார்' சத்தமும் கருகல் நாற்றமும் வரும். பின்புறச் சிவப்பு சுவிட்ச் 230இல் இல்லாமல் 115இல் இருந்தாலும் அதே முடிவுதான். காதைக் கூசவைக்கும் மெல்லிய கீச்சொலி மின்சுருள்களின் அதிர்வு; அது பழுதல்ல.

பெட்டியைச் சுமந்து கடைக்கு வந்ததும் சத்தம் நின்றுபோவது உண்டு. அப்படியானால் ஒலித்தது வீட்டிலிருக்கும் யு.பி.எஸ். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது அதன் ரிலே 'டக் டக்' என்னும்; மின்சாரம் போனால் சில நொடிக்கொருமுறை 'பீப்' என்னும்.

வன்தட்டு ஒரே தாளத்தில் 'டிக், டிக்' என்று அடித்தால், படிக்கும் முனை தன் தடத்தைக் காணாமல் திரும்பத் திரும்பத் தேடுகிறது என்று பொருள். உடனே அணைத்துவிட வேண்டும். தட்டை ஃபிரிட்ஜில் வைத்தால் உயிர் பெறும் என்பது வெறும் நம்பிக்கை. இந்த ஈரக்காற்றில் வெளியே எடுத்த கணமே தட்டின்மேல் நீர் படியும். இன்னும் நகல் எடுக்காத கோப்புகளை மீட்க, தூசியற்ற அறை கொண்ட மீட்பு நிலையத்தை நாடுவதே வழி.

2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் கேரளப் பள்ளிகளுக்கும், 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அட்சயா மையங்கள் கிராமங்களுக்கும் கணினியைக் கொண்டுவந்தன. இன்று வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பரவியுள்ளது; அதில் சுழலும் பாகம் இல்லாததால் ஓசையின்றியே பழுதாகும்.